வென்றவர் ஏற ஏணி எங்கே?

ஓசூர் தமிழ்நாட்டு ஊர். ஆனால் பெரிய கால்பந்துப் பந்தயம் பார்க்க விரும்பும் ஓசூர்வாசிகள் பஸ் ஏறுவது பெங்களூருக்குத்தான். பெங்களூர் சுமார் 40 கிலோமீட்டர். சென்னையோ 300 கிலோமீட்டருக்கும் அப்பால். எல்லையில் நிற்பவர்களுக்கு இரு பக்கமும் தெரியும் அல்லவா? இந்தியக் கால்பந்தில் ஏறுவதும் இறங்குவதும் எப்படி நடக்கிறது என்பதும் அங்கிருந்து பார்த்தால் நன்றாகத் தெரிகிறது.

எட்டு நாளில் இரு சாம்பியன்கள்

2019 மார்ச் 9ந் தேதி கோயமுத்தூரில் மினெர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று, சென்னை சிட்டி குழு 'ஐ லீக்' சாம்பியன் ஆனது. ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஈஸ்ட் பெங்கால் பின்தங்கியது. அடுத்த எட்டாம் நாள், மார்ச் 17ல், பம்பாயில் கோவாவை 1-0 என்று தோற்கடித்து பெங்களூர் குழு 'இந்தியன் சூப்பர் லீக்' சாம்பியன் ஆனது.

ஒரே ஆண்டு, இரு சாம்பியன்கள். அதற்குப் பின் நடந்ததுதான் விசித்திரம்.

அவ்வாண்டு அக்டோபரில் ஒரு திட்டம் வகுக்கப்பட்டது. சூப்பர் லீக் முதல் வரிசை, ஐ லீக் இரண்டாம் வரிசை என்று முடிவாயிற்று. ஐ லீகில் வெல்பவர் மேலே ஏறலாம். ஆனால் 2022-23 முதல்தான்! 2019ல் வென்ற சென்னை சிட்டி ஏற வழியில்லை. கதவு திறந்தபோது அந்தக் குழு ஐ லீகிலேயே இல்லை. 2020-21 தான் அதற்குக் கடைசி ஆண்டு.

பெங்களூர் குழு ஏணி ஏறி வந்ததா? அதுவும் இல்லை. இருமுறை ஐ லீகை வென்ற குழுதான். ஆயினும் 2017ல் ஏலக் கேட்பு மூலமே சூப்பர் லீகில் இடம் பெற்றது. சென்னை சிட்டி ஐ லீகுக்குள் வந்ததும் அதேபோல் நேரடியாகத்தான். ஆகவே ஒரு குழுவை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. ஏணியே இல்லாத வீட்டில் எல்லாரும் பக்கத்துச் சுவரைத்தான் பிடித்து ஏறுவார்கள்.

கோர்ட்டு தீர்த்த போட்டி

கதவு திறந்த பின் 2023ல் பஞ்சாப் குழுவும், 2024ல் கல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங்கும் மேலே சென்றன. 2025ல் தகராறு வந்தது. முதலில் சர்ச்சில் பிரதர்ஸ் சாம்பியன் என்று அறிவிக்கப்பட்டது. காசியைச் சேர்ந்த இன்டர் காசி குழு சுவிட்சர்லாந்திலுள்ள விளையாட்டு நடுவர் மன்றம் வரை சென்றது. ஜூலையில் பட்டம் அதற்கே கிடைத்தது. ஆட்டம் முடிந்து மாதங்கள் கழித்து வெற்றி தெரிவது ரசிகனுக்கு என்ன சுகம்?

இங்கிலாந்திலும் இந்தத் தொல்லை உண்டு. அங்கே ரக்பி பந்தயத்தின் இரண்டாம் வரிசையில் 2021-22ல் ஈலிங் குழு முதலிடம் பெற்றது. ஆனால் மேல் வரிசைக்கு 10,001 பேர் கொள்ளும் மைதானம் வேண்டுமென்பது அப்போதைய விதி. ஈலிங்கின் மைதானம் சிறியது. கதவு அடைபட்டது.

விழுவது அவமானமா?

ஏறுவது பாதிதான்; இறங்குவது மறுபாதி. 2014ல் தொடங்கிய சூப்பர் லீகில் 2024-25 முடியும் வரை ஒரு குழுகூடக் கீழே இறக்கப்படவில்லை. கோடிகளைப் போட்டவர்கள், ஓராண்டு சறுக்கினால் எல்லாம் போய்விடும் என்று அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் பொய்யல்ல. அதற்கும் வழி இருக்கிறது. இங்கிலாந்தில் பிரீமியர் லீகிலிருந்து இறங்கும் கால்பந்துக் குழுக்களுக்குச் சில ஆண்டுகள் பண உதவி உண்டு.

எல்லைக்கு அப்பால் ஓர் உதாரணத்தைப் பாருங்கள். ஸ்போர்ட்டிங் கிளப் பெங்களூர் 2023-24ல் ஐ லீக் இரண்டாம் டிவிஷனை வென்று மேலே வந்தது; 2024-25ல் திரும்பவும் இறங்கியது. அதற்கு முன் பெங்களூர் விமானத் தொழிற்சாலையின் எச்.ஏ.எல். குழுவும் 2011-12ல் இறங்கியிருக்கிறது. வலிதான்; ஆனால் நியாயம். தோற்றவர் இறங்கினால்தான் வென்றவருக்கு இடம் கிடைக்கும்.

தேவை மூன்றே. விதிகள் பந்தயம் தொடங்குமுன் எழுதப்பட வேண்டும். நடுவில் மாறக் கூடாது. மைதானம் போன்ற நிபந்தனைகளை நிறைவேற்ற ஜெயித்த குழுவுக்கு அவகாசம் தர வேண்டும். கீழே விழுபவருக்குக் கைகொடுக்க வேண்டும்.

ஓசூர்த் தொழிற்பேட்டையில் வேலை பார்ப்பவருக்கு இது புரியாத விஷயமல்ல. உழைத்தால் மேல்நிலை உண்டு என்ற நம்பிக்கையில்தான் மெஷின் முன் நிற்கிறார். மைதானத்தில் ஓடும் அவர் மகனுக்கும் அந்த நம்பிக்கை வேண்டாமா?