வயலும் வானமும்

சென்ற பருவத்தில் சுற்றுச்சூழற் பாடத்தின் விடைத்தாள்களைத் திருத்த நேர்ந்தபோது ஒன்று என் மனத்தை உறுத்திற்று. பூமி வெப்பமடைதலுக்கு உதாரணம் கேட்ட வினாவிற்கு மாணாக்கருட் பெரும்பாலோர் துருவப் பனி உருகுவதையே எழுதியிருந்தனர். அவர்களிற் பலர் களமருதூர், உளுந்தூர்ப்பேட்டைப் பக்கத்து உழவர் மக்கள். 2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆந் தேதி இரவு புதுவைக்கருகே கரையேறிய பெஞ்சல் புயல், விரைந்து நகராது பெய்த பெருமழையில் விழுப்புரம், கள்ளக்குறிச்சி ஜில்லாக்களின் வயல்கள் மூழ்கியதைக் கண்ணாற் கண்டவர்கள். அதனை எழுதினால் மதிப்பெண் கிடையாதென்று அஞ்சினார்கள் போலும்!

குற்றம் அவர்களுடையதன்று. சுற்றுச்சூழற் கல்வியைக் கட்டாயமாக்க வேண்டுமென 1991ஆம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டார் பணித்தனர். அதன்பின் கலாசாலைகளுக்குப் பாடநூல் வந்து சேர்ந்தது. மாணாக்கனுடைய வீட்டு வயலுக்கு அந்நூலில் இடம் கிடைக்கவில்லை.

தனியொரு புயலைக் காட்டி, இது வெப்பத்தின் விளைவேயென்று சாதிப்பது விஞ்ஞானமாகாது. ஆயினும் காற்று ஒரு டிகிரி வெப்பமேறினால் நூற்றுக்கு ஏறக்குறைய ஏழு பங்கு அதிகமான நீராவியைத் தாங்கும். ஆதலால் மழை பெய்யுங்கால் மிகுந்து பெய்ய ஏதுவாகிறது. வெள்ளத்தைப்போல் கண்ணுக்குத் தெரியாத கேடும் உண்டு. பிலிப்பைன்ஸ் தேசத்திலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் தம் வயல்களின் விளைவைப் பல்லாண்டு ஒப்பிட்டு 2004இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், கோடைப் போகத்தில் இரவின் வெப்பம் ஒரு டிகிரி கூடியபோது விளைச்சல் நூற்றுக்குப் பத்துப் பங்கு குறைந்ததெனக் கண்டனர். இரவுப் புழுக்கத்தைப்பற்றி நம் பெரியோர் குறைகூறுவதைக் கேட்டிருக்கிறோம்; பயிருக்கும் அக்குறை உண்டென்பதை எந்த வகுப்பிற் சொன்னோம்?

இனி, வானத்தை வயல் மாற்றும் வகையைக் காண்போம். நீர் தேங்கிய நெல்வயலின் சேற்றில் காற்றுப் புகுவதில்லை. அங்கே வாழும் நுண்ணுயிர்கள் மீத்தேன் வாயுவை உண்டாக்குகின்றன. அது நெற்பயிரின் தண்டினுள்ளிருக்கும் நுண்ணிய வழிகளினூடே ஏறி வெளிப்படுகிறது. நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவினும் ஏறக்குறைய 27 மடங்கு வெப்பந் தருவது. வயலில் நீர்மட்டம் மண்ணுக்குக்கீழ் 15 செண்டிமீட்டர் வரை இறங்கியபின் மறுபடி பாய்ச்சினால் அவ்வாயு ஏறக்குறைய பாதியாகக் குறையும், நீரும் மிஞ்சும். பயிர் உண்டது போக மிஞ்சிய யூரியாவினின்று எழும் நைட்ரஸ் ஆக்ஸைடோ இன்னுங் கொடிது. வயலைக் காயவிடும்போது அது சிறிது கூடவுங் கூடும். இச்சிக்கலையும் மறையாமற் கற்பிக்க வேண்டும்.

இதுகேட்டு உழவனைக் குற்றவாளியாக்குவோர் சிலருண்டு. நான் அவர்களோடு உடன்படேன். கோமுகி அணையின் நீரை நம்பியிருப்பவன், கிடைக்கும் நாளில் வயலை நிரப்பிக்கொள்ளாவிட்டால், மறுமுறை நீர் வருமென்று எதனை நம்பியிருப்பான்? அவன் செய்வது அறியாமையன்று, அச்சம். அவ்வச்சத்தை விளங்கிக்கொள்ளாத மாணாக்கன் நாளை அதிகாரியானால், சுற்றறிக்கை எழுதுவானேயன்றி வாய்க்காலைச் செப்பனிடான்.

கல்வராயன் மலையும் பாடத்துள் வரவேண்டும். கோமுகியும் மணிமுத்தாறும் அங்குதான் பிறக்கின்றன. மரவள்ளிக் கிழங்கைத் தோண்டியெடுக்கும் சரிவுகளில் மண் நெகிழ்ந்து, பெருமழையில் எளிதில் அரிக்கப்படும். அம்மண் கீழிருக்கும் அணைகளைத் தூர்க்கும். மலையாளிக் குடிகள் வழிவழியாக விதைத்த சாமையோ சிறிதளவு மழையிலும் விளைவது. விலை கிழங்குக்கு இருக்க, சாமையைப் புகழ்ந்து பேசுவதனால் மட்டும் ஆவதொன்றுமில்லை. இதனைப் பொருளாதார வகுப்பாரும் விவாதிக்கலாம்.

நான் வேண்டுவது பெரிதன்று. முதலாண்டு மாணாக்கர் ஒவ்வொருவரும் தம் ஊரில் ஒரு வயலைத் தெரிந்து, ஆடி முதல் தை வரை மழையளவு, நீர் பாய்ச்சிய நாள், இட்ட உரம், விளைவு ஆகியவற்றைக் குறித்துவரட்டும். வயலுடையவர் சொல்வதையும் உடன் எழுதட்டும். அக்குறிப்பேட்டிற்குப் பரீட்சை மதிப்பெண்ணிற் பாதியை ஒதுக்குவோம். மழைமானி ஒன்றும் விலையுயர்ந்த கருவியன்று. நம் மைதானத்தின் வடமூலையில் மரநிழல் படாத இடமொன்றிருக்கிறது. வரும் ஆடிக்குள் அங்கே அதனை நிறுவிவிடலாம்.