கோப்பையை மட்டும் பார்த்து மார்க் போடாதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

சென்னையின் எஃப்சி பயிற்சியாளர்களில் நல்ல ஆட்களைத் தேடிச் சேர்த்ததில் கெட்டிக்காரர் யார்? நம்ம சேரப்பணஞ்சேரிப் பக்கத்துப் பையன்களிடம் கேட்டால் உடனே கோப்பைக் கணக்குச் சொல்கிறார்கள். மார்கோ மட்டெராஸி 2015 கோப்பை, ஜான் கிரிகோரி 2017-18 கோப்பை, ஓவன் கோய்ல் 2020 இல் இறுதிப்போட்டி வரை. மற்றவர்கள் எல்லாம் ஃபெயில். இந்த மார்க் முறை சரியில்லை என்பது என் கருத்து.

வாத்தியாராக இருந்தவன் என்பதால் சொல்கிறேன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை தடங்கலில்லாமல் வாசித்தால் ஐந்தாம் வகுப்பு ஆசிரியரைத்தான் பாராட்டுவார்கள். 'அ'னா, 'ஆ'வன்னா சொல்லிக்கொடுத்த ஒன்றாம் வகுப்பு டீச்சரை யாருக்கும் நினைவிருக்காது. ஒரகடம் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்களுக்கும் இது தெரிந்த கதைதான். பழைய மேலாளர் நல்ல ஆட்களை எடுத்துப் பழக்கிவிட்டுப் போவார், புதிதாக வந்தவர் கேடயம் வாங்குவார்.

இப்போது கால்பந்துக்கு வருவோம். 2016 இல் சென்னை ஏழாம் இடம். மட்டெராஸிக்கு அது தோல்வி ஆண்டு, அதோடு அவர் கிளம்பினார். ஆனால் அதே ஆண்டு அணிக்கு வந்த இரண்டு பதினெட்டு வயதுப் பையன்களைப் பாருங்கள். ஒருவர் மிசோரத்தின் ஜெர்ரி லால்ரின்சுவாலா, அந்தத் தொடரின் சிறந்த இளம் வீரர். இன்னொருவர் டேராடூனின் அனிருத் தாப்பா, பின்னாளில் சென்னை அணியின் கேப்டன், இந்திய அணி வீரர். இருவரும் 2017-18 கோப்பை அணியில் இருந்தார்கள். பெங்களூருவுக்கு எதிரான அந்த இறுதிப்போட்டியில் கோல் அடித்த ரஃபேல் அகஸ்டோ, அந்த சீசனில் அணிக்காக அதிக கோல் அடித்த ஜெஜெ இருவரும் மட்டெராஸி காலத்தில் வந்தவர்கள்தான். அதற்காகக் கிரிகோரியின் பங்கு குறைந்துவிடாது. இறுதிப்போட்டியில் இரண்டு கோல் தலையால் முட்டிய மைல்சன் ஆல்வஸ் 2015 அணியிலேயே இருந்தவர்தான், ஆனால் திரும்பி வந்தது கிரிகோரி காலத்தில்.

அடுத்து 2019. கிரிகோரி அணியின் முதல் நான்கு ஆட்டங்களில் ஒரு கோல்கூட இல்லை. ஆறு ஆட்டத்தில் ஒரே வெற்றியோடு அவர் விலகினார். டிசம்பரில் கோய்ல் வந்தார். நான்காம் இடம் பிடித்து, இறுதிப்போட்டி வரை போய் ஏடிகேவிடம் 3-1 என்று தோற்றார்கள். ஆனால் 15 கோல் அடித்த வால்ஸ்கிஸ், நடுக்களத்தை ஆண்ட கிரிவெல்லாரோ, சாங்டே எல்லாரும் கோய்ல் வருவதற்கு முன்பே சேர்ந்தவர்கள். இருந்த ஆட்களை ஆட வைத்தது கோய்லின் திறமை, மறுக்கவில்லை. அது பயிற்சிக்கான மார்க், சேர்ப்புக்கானது அல்ல. 2023 இல் திரும்பி வந்து தானே அணி கட்டியபோது முதல் சீசனில் ஆறாம் இடம், அடுத்ததில் பதினொன்றாம் இடம்.

வினாத்தாளும் ஒன்றல்ல என்பதையும் பார்க்க வேண்டும். மட்டெராஸி காலத்தில் ஆறு வெளிநாட்டவர் களத்தில் நிற்கலாம். 2017 இல் ஐந்து, 2021 முதல் நான்கு. 2017 இல் இந்திய வீரர்களை டிராஃப்டில் முறை வைத்துத்தான் எடுக்க முடிந்தது. எலானோ, மெண்டோசா போன்றவர்கள் கோல் மழை பொழிந்த காலத்தை, நாலு பேரோடு மல்லுக்கட்டிய பின்னவர்களோடு அப்படியே ஒப்பிடலாமா?

பணம்தான் எல்லாம் என்பவர்களுக்கு 2018-19 ஐ-லீக் கோப்பையை நினைவூட்டுகிறேன். கோயம்புத்தூரில் ஆடிய சென்னை சிட்டி அணிக்கு சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ் பயிற்சியாளர். ஸ்பெயினின் கீழ்நிலை லீக்குகளில் இருந்து நம்மில் யாரும் கேள்விப்படாத ஆட்களைக் கொண்டுவந்தார்கள். அதில் பெத்ரோ மான்சி 21 கோல் அடித்தார். கூடவே நின்ற தமிழ்நாட்டு வீரர் எட்வின் சிட்னி வான்ஸ்பால், அக்பருக்கு முன்பே அந்த அணியில் இருந்தவர். அங்கேயும் பழையவர் நட்டது, புதியவர் அறுத்தது.

ஆகவே என் தீர்ப்பு: ஆள் சேர்ப்பில் மட்டெராஸி முதலிடம், கிரிகோரி நூலிழையில் இரண்டாமிடம். கோய்ல் நல்ல பயிற்சியாளர், சென்னையில் சேர்ப்பில் அவர் மூன்றாமவர்தான்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். 2020 முதல் 2023 வரை மூன்று சீசன், லாஸ்லோ, பாண்டோவிச், பிர்டாரிச் என்று மூன்று பயிற்சியாளர்கள், மூன்று முறையும் எட்டாம் இடம். இந்த ஆண்டு அட்டவணையை மட்டும் பார்த்து அனுப்பிவிடுவார்கள் என்று தெரிந்தால் எந்தப் பயிற்சியாளர் பதினெட்டு வயதுப் பையனை எடுப்பார்? முப்பது வயது கடந்த, பழகிய ஆளைத்தான் எடுப்பார். இழப்பு யாருக்கு? வியாசர்பாடியிலும் நம்ம ஊர் ஏரிக்கரையிலும் பந்து உதைக்கிற பிள்ளைகளுக்குத்தான்.

ஒரு பயிற்சியாளர் சேர்த்த ஆட்கள், அவர் போய் மூன்று ஆண்டு கழித்து எங்கே நிற்கிறார்கள் என்று பாருங்கள். அதற்குப் பிறகு மார்க் போடுங்கள். என் வரிசையை ஏற்காதவர்கள் உங்கள் வரிசையைக் காரணத்தோடு எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.