முதல் பிடிதான் முக்கியம்

பல் போனால் பல்செட் என்ற காலம் மலையேறிவிட்டது. தாடை எலும்பில் டைட்டானியம் திருகைப் பதித்து, அதன் மேல் பல் கட்டும் இம்ப்ளான்ட் சிகிச்சை சிறு நகரங்களுக்கும் வந்துவிட்டது. 'ஒரே நாளில் பல்' என்று ஆசை காட்டும் விளம்பரங்களுக்கும் குறைவில்லை. ஆனால் மருத்துவர் செய்வது பாதி வேலைதான். மீதியை எலும்பு தன் போக்கில், நிதானமாகச் செய்கிறது.

எல்லாம் தற்செயலாகத் தொடங்கியது. 1950களில் ஸ்வீடனில் பெர்-இங்வார் பிரோனேமார்க் ரத்த ஓட்டத்தை ஆராய முயலின் எலும்பில் டைட்டானியம் கருவி ஒன்றைப் பொருத்தினார். ஆய்வு முடிந்து கழற்றப் பார்த்தால் வரவில்லை. எலும்பு அதைக் கெட்டியாகப் பற்றியிருந்தது. 1965-ல் முதன்முறையாக ஒரு மனிதரின் தாடையில் டைட்டானியம் பதிந்தது.

இந்தப் பிணைப்பு ஏற்படும்வரை திருகை நிறுத்தி வைப்பது வெறும் இறுக்கம்தான். அதுவும் நாளடைவில் குறைகிறது. பழைய எலும்பு கரைந்து புது எலும்பு வளர்வதற்குள், மூன்று நான்கு வாரங்களில், பிடி மிகவும் தளர்ந்திருக்கும். அப்போது திருகு சுமார் 150 மைக்ரானுக்கு மேல் - அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஏழில் ஒரு பங்கு - அசைந்தால் சுற்றிலும் எலும்புக்குப் பதில் நார்த் திசு வளரும். சிகிச்சை தோற்றுவிடும்.

கீழ்த்தாடையின் முன்பகுதி தேக்கு என்றால் மேல்தாடையின் பின்பகுதி முருங்கை. மென்மையான எலும்பில் பிடி கிடைக்கச் சில உத்திகள் உண்டு. திருகின் பருமனைவிடத் துளையைச் சற்றுச் சிறிதாகப் போடுவது ஒன்று. துளையின் அடியிலுள்ள கெட்டியான எலும்பிலும் திருகின் நுனியைப் பதிய வைப்பது இன்னொன்று. எலும்பைக் குடைந்து எடுக்காமல், கூம்பு வடிவக் கருவிகளால் பக்கவாட்டில் நெருக்கி அடர்த்தியாக்கும் முறையை 1994-ல் ராபர்ட் சம்மர்ஸ் விவரித்தார். டிரில்லை எதிர்த் திசையில் சுழற்றி அதே பலனைப் பெறும் முறை பின்னால் வந்தது. சலா ஹுவைஸ் உருவாக்கியது அது.

இறுக்கத்துக்கும் எல்லை உண்டு. அளவு மீறினால் நெருக்குண்ட எலும்புக்கு ரத்தம் போகாது, அது செத்துப்போகும். சூடும் ஆகாது. 47 டிகிரி செல்சியஸ் வெப்பம் ஒரு நிமிடம் நீடித்தாலே எலும்பு பாதிக்கப்படும் என்று 1983-ல் முயல்களிடம் நடந்த ஸ்வீடன் ஆய்வு காட்டியது. துளையிடும்போது உப்புக் கரைசலைப் பீய்ச்சிக்கொண்டே இருப்பது அதனால்தான்.

பிடியை அளக்கவும் வழி இருக்கிறது. திருகு ஏறும்போது முறுக்கு விசை பார்க்கிறார்கள். அதிர்வை அளந்து 1 முதல் 100 வரை மதிப்பெண் போடும் கருவியும் உண்டு. உடனே பல் கட்ட, முறுக்கு விசை 35 நியூட்டன் சென்டிமீட்டராவது இருக்க வேண்டும் என்று பலர் கருதுகிறார்கள்.

அது கிடைக்காவிட்டால்? ஈறை மூடித் தைத்துவிட்டுக் காத்திருப்பதே உத்தமம். கீழ்த்தாடைக்கு மூன்று மாதம், மேல்தாடைக்கு ஆறு மாதம் என்பது பிரோனேமார்க் வகுத்த கணக்கு. ஆக, பெரும் பணம் செலவழிக்கும் நோயாளி 'எப்போது பல் வரும்' என்பதற்கு முன் 'பிடி எவ்வளவு' என்று கேட்பது நல்லது. 'பொறுங்கள்' என்று சொல்லும் மருத்துவரைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.