சொல்லும் நிலமும்

நூலறிவு வேறு, உலகியல் அறிவு வேறு. பிறரை ஏமாற்றாமலும் பிறரிடம் ஏமாறாமலும் முன்பின் ஆராய்ந்து நடக்கும் திறமையே உலகியல் அறிவாகும். இத்திறமையைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களுள் ஒன்று 'கேன்னி' என்பது. பிரிட்டன் தீவின் வடபகுதியில் வளர்ந்த இச்சொல், இடத்துக்கு இடம் பொருள் மாறி வழங்குகின்றது. அதன் வரலாற்றை நோக்குவார்க்கு வட்டார வழக்கின் அருமை இனிது விளங்கும்.

இன்றைய ஆங்கிலத்தில் 'இயலும்' என்று பொருள்படும் 'கேன்' என்னும் வினை, பண்டைக் காலத்தில் 'அறிதல்' என்னும் பொருளை உடையதாய் இருந்தது. 'கேன்னி', 'கன்னிங்' ஆகிய இரு சொற்களும் அவ்வினையோடு உறவுடையவை. ஆயினும் அவ்விரண்டும் சென்ற வழி வேறு. 'கன்னிங்' முன்னாளில் அறிவையும் கைத்திறனையும் குறித்தது. 1611ஆம் ஆண்டில் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில் தேர்ந்த கைவினைஞருக்கு அச்சொல் அடைமொழியாக அமைந்துள்ளது. நாளடைவில் அது வஞ்சகம் என்னும் இழிந்த பொருளை எய்தியது. திருக்குறளில் ஆராய்ச்சியைக் குறித்த 'சூழ்ச்சி' என்னும் தமிழ்ச்சொல் இன்று சதியைக் குறிப்பதும் இத்தகையதே.

'கேன்னி' என்னும் சொல்லோ வடநிலத்து மக்களின் நாவில் தன் மதிப்பை இழக்கவில்லை. ஸ்காட்லாந்தில் அது நிதானம், முன்னெச்சரிக்கை, சிக்கனம் ஆகிய பண்புகளைச் சுட்டும். மென்மையையும் அமைதியையும் சுட்டுவதும் உண்டு. 'கா கேன்னி' என்றால் 'பார்த்துப் பதமாகச் செல்' என்பது பொருள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், கூலி உயர்வு வேண்டிய தொழிலாளர் வேண்டுமென்றே வேலையை மெதுவாகச் செய்யும் முறைக்கும் அத்தொடரே பெயராயிற்று.

ஸ்காட்லாந்தின் எல்லையைக் கடந்து இங்கிலாந்தின் வடகிழக்கே, டைன் ஆற்றங்கரையில் உள்ள நியூகாசில் நகரத்தை அடைந்தால், அதே சொல் 'நல்ல', 'இனிய', 'அன்பான' என்னும் பொருள்களைத் தருகின்றது. நிதானம் உடையவன் பிறர்க்குத் தீங்கு செய்யான். தீங்கு செய்யாதவன் பழகுதற்கு இனியவன். இவ்வாறு அறிவைக் குறித்த சொல் அன்பைக் குறிக்க வந்தது போலும். ஒருவனைக் 'கேன்னி' என்று எடின்பரோவில் கூறினால் அவன் விவேகி. நியூகாசிலில் கூறினால் அவன் நல்லவன். லண்டனிலோ, அவன் பணத்தில் கருத்துடையவன் என்று கேட்போர் கொள்ளுதலும் கூடும். சொல் ஒன்றே, அதற்குப் பொருள் தருவது நிலம்.

வட்டாரச் சொற்கள் கல்லாதாரின் பிழைகள் என்று கருதுவோர் எந்நாட்டிலும் உளர். ஸ்காட்லாந்துப் பள்ளிகளிலும் வீட்டு வழக்கில் பேசிய சிறுவர் நெடுங்காலம் கண்டிக்கப்பட்டனர். இக்கருத்து பொருந்தாது. இனம் புரியாத அச்சம் தருவதைக் குறிக்கப் பொது ஆங்கிலம் வழங்கும் 'அன்கேன்னி' என்னும் சொல், 'கேன்னி'யின் எதிர்மறையே. பிழை என்று ஒதுக்கப்பட்ட வழக்கிலிருந்தன்றோ பொதுமொழி தன் குறையை நிறைத்துக் கொண்டது?

இவ்வுண்மையை உணர்ந்தவர் ஜோசப் ரைட் என்னும் அறிஞர். 1855இல் யார்க்ஷயரில் ஏழைக் குடியில் பிறந்த அவர், இளமையிலேயே ஆலை வேலைக்குச் சென்றார். எழுத்தறிந்ததோ ஏறத்தாழ 15ஆம் வயதில். பின்னர் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியராய் உயர்ந்த அவர், தம் ஊரார் பேசிய மொழியை மறக்கவில்லை. ஆங்கில நாட்டு வட்டாரச் சொற்களைத் தொகுத்து, 1898 முதல் 1905 வரை ஆறு தொகுதிகளாக அகராதி ஒன்றை வெளியிட்டார்.

நாட்டினர் அனைவரும் கருத்தைப் பரிமாறிக்கொள்ளப் பொதுமொழி இன்றியமையாதது. அதனைப் பிழையறக் கற்றல் மாணவர் கடமை. ஆனால், அதனைக் கற்பதற்காகப் பிறந்த ஊரின் சொல்லை இகழ வேண்டுவதில்லை. செய்யுளில் வழங்குதற்குரிய சொற்களுள் திசைச்சொல்லையும் ஒன்றாக வைத்தார் தொல்காப்பியர். வேற்றூரிலிருந்து வந்த தோழன் அறியாத சொல் ஒன்றைக் கூறினால் நகைப்பது அறியாமை. அதன் பொருளைக் கேட்டு அறிவதே விவேகம்.