சொந்தத்துக்குக் கதவு திறக்காத முட்டை!

ஜப்பானின் வடகிழக்குக் கடலோரச் சந்தைகளில் ‘ஹோயா’ என்றொரு கடல் பிராணி விற்பனைக்கு வரும். செம்மஞ்சள் நிறம், உடல் முழுக்க முண்டு முண்டான தோல். அதனால் ‘கடல் அன்னாசி’ என்றும் இதற்குப் பெயர். ஜப்பானியர்களும் கொரியர்களும் இதைப் பச்சையாகவே விரும்பிச் சாப்பிடுவார்கள்.

குஞ்சாக இருக்கும்போது இது தலைப்பிரட்டை போல நீந்தும். பாறையில் ஒட்டிக்கொண்டுவிட்டால், பிறகு ஆயுள் முழுக்க அங்கேயேதான். துணை தேடிப் போக முடியாது. அதனால் ஒரே உடலில் கருமுட்டை, விந்தணு இரண்டையும் உருவாக்கிக் கடல்நீரில் விட்டுவிடுகிறது.

சிக்கல் இங்கேதான் ஆரம்பம். முட்டைக்குப் பக்கத்திலேயே இருப்பது சொந்த விந்தணு. இரண்டும் சேர்ந்தால், மறைந்திருக்கும் மரபணுக் குறைகள் ஜோடி சேர்ந்து சந்ததியைப் பலவீனமாக்கிவிடும். ஆனால், அப்படிச் சேர்வதில்லை. எப்படி?

முட்டையைச் சுற்றி ஓர் உறை இருக்கிறது. அதில் ‘ஹெச்ஆர்விசி70’ என்ற புரதம். இதுதான் அடையாள அட்டை. ஒவ்வொரு பிராணியிலும் இது சற்று மாறுபடும். வேறொரு பிராணியின் விந்தணு வந்தால் உறையை நன்றாகப் பற்றிக்கொள்கிறது. உடனே அதன் என்சைம்கள் வேலையைத் தொடங்குகின்றன. ஒரு என்சைம், அந்தப் புரதத்தின் மேல் ‘யுபிக்விட்டின்’ என்ற சிறு புரதத்தை ஒட்டுகிறது. ‘இதை அழிக்கலாம்’ என்பதற்கான முத்திரை அது. அடுத்து ‘புரோட்டியசோம்’ என்ற என்சைம் தொகுப்பு வந்து, முத்திரை விழுந்த புரதத்தை வெட்டித் தள்ளுகிறது. உறையில் வழி திறக்கிறது. சொந்த விந்தணுவுக்கோ அந்தப் பிடிப்பு கிடைப்பதில்லை, கதவும் திறப்பதில்லை.

நம் உடல் செல்களுக்குள் வேண்டாத புரதங்களை அகற்றுவதும் இதே முத்திரை முறைதான். அதைக் கண்டுபிடித்த மூவருக்கு 2004-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. செல்லுக்குள் குப்பை அள்ளும் கருவியை, கடல் அன்னாசியின் விந்தணு வெளியே கொண்டுவந்து கதவு திறக்கப் பயன்படுத்துகிறது!

இந்தப் புதிருக்கு வயது நூறுக்கும் மேல். பழ ஈக்களை ஆராய்ந்து 1933-ல் நோபல் பரிசு வென்ற தாமஸ் ஹன்ட் மார்கன், கடல் அன்னாசியின் உறவுக்காரரான ‘சியோனா’வைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். அமிலம் கலந்த கடல்நீரில் முட்டைகளைச் சிறிது நேரம் வைத்தெடுத்தால், சொந்த விந்தணுவையும் அவை ஏற்பதைக் கண்டார். தடை இருப்பது முட்டையின் வெளிப்புறத்தில்தான் என்பதற்கு அது நல்ல தடயம்.

ஓரிடத்திலேயே நிற்கும் செடிகளுக்கும் இதே கவலை உண்டு. பெட்டூனியா பூவின் சூலகத்தில் இருக்கும் ஒரு என்சைம், சொந்த மகரந்தத்தின் ஆர்.என்.ஏ.வைச் சிதைத்து வளரவிடாமல் தடுக்கிறது. கடலில் என்சைம் அயலாருக்குக் கதவு திறக்கிறது. தோட்டத்தில் சொந்தத்துக்குக் கதவடைக்கிறது. நோக்கம் என்னவோ ஒன்றுதான்!