பட்டியல் மாறட்டும், ஆள் இருக்கட்டும்

இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி இசை விழா தெரியுமா? 2020 ஜூன்ல 50-வது ஆண்டுக் கொண்டாட்டம். டெய்லர் ஸ்விஃப்ட், பால் மெக்கார்ட்னி, கென்ட்ரிக் லாமர்னு பட்டியல் ரெடி. கொரோனா வந்தது, விழா நின்றது. 2021-லும் நடக்கவில்லை. டிக்கெட் 2022-க்குப் போச்சு.

ரசிகர்களுக்கு ஒரே கேள்வி: இனி யார் வருவாங்க?

டெய்லர் வரலை. 20 வயசு பில்லி ஐலிஷ் வந்தார். மெக்கார்ட்னி 80 வயசில் மேடையேறினார்!

டாக்டரா ஒண்ணு சொல்றேன். தடுப்பூசி இல்லாத 2020-ல், சுமார் 2 லட்சம் பேர் நெருக்கியடிச்சு நின்னிருந்தா, அவர் வயசுக்காரங்களுக்குத்தான் ஆபத்து அதிகம்.

உங்க ஊர்க் கச்சேரி தள்ளிப்போனா, 'யார் பாடுவாங்க?'ன்னு மட்டுமில்ல, 'ஏன் தள்ளி வெச்சாங்க?'ன்னும் கேளுங்க.