ஆணையிட்டவரா, நடத்தியவரா?

2010 ஜனவரி 26இல் தமிழ் வாக்காளர் முன் வைக்கப்பட்டதையும் தெரிவு என்றே எழுதுகிறார்கள். போருக்கு ஆணையிட்ட ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச ஒருபுறம். அதனைக் களத்தில் நடத்திய முன்னாள் இராணுவத் தளபதி சரத் பொன்சேகா மறுபுறம். இந்நாடு சிங்களவருக்கே உரியது என்று 2008இல் கனடியப் பத்திரிகையொன்றுக்குக் கூறியவர் பின்னவர். அவரையே ஆதரிக்குமாறு தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு கேட்டது. ஒருவர் மீதான வெறுப்பே மற்றவருக்குத் தகுதியாயிற்று.

யாழ். மாவட்டத்தில் வாக்களித்தோர் ஏறத்தாழ நான்கில் ஒருவர் மட்டுமே. (இடாப்பில் இருந்தோருள் எத்தனை பேர் முகாம்களிலும் அயல்நாடுகளிலும் கிடந்தனர் என்பது தனிக்கதை.) வாக்களித்தோருள் பெரும்பாலோர் பொன்சேகாவுக்கே இட்டனர்; அவரோ 40 வீதத்துடன் தோற்றார்.

வாக்களியாதோரை அக்கறையற்றோர் என்று பழிக்கும் கொழும்பு ஆய்வாளர்களிடம் ஒன்று கேட்கிறேன்: பிள்ளையைத் தேடி முகாம் முகாமாக அலைந்த தாய், இவ்விருவருள் எவருக்குப் புள்ளடி இட்டிருக்க வேண்டும்?